சாம்பல் நிறச் சிப்

"அப்பா...!"

அமுதவல்லியின் அலறல் திருமயம் பஸ் ஸ்டாப் வரை கேட்டது.

ஓய்வுபெற்ற ராணுவ ரேடியோ மெக்கானிக் அடைக்கலம், தன் ஒர்க்‌ஷாப் மேசையடியில் கிடந்தார். பின்னந்தலையில் ரத்தம்.

பழைய ராணுவ கம்ப்யூட்டர் சிப் எதுவானாலும், 'அசல்' என்று அவர் எழுதிக் கொடுத்தால் போதும். டெல்லி வியாபாரிகூட மறுபேச்சு பேச மாட்டான்.

ஒரே மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் சுடர்விழி ஆளைப் பிடித்து வந்தார். பழைய இரும்புக்காரர் இருளாண்டி. அவர் சாக்கில் ஒரு சாம்பல் நிறச் சிப்!

"இதேதான் மேடம்!" அமுதவல்லியின் கணவன் சரவணக்குமார் கத்தினான். "மாமா இருபது வருஷமா பீரோவுல பூட்டி வச்சிருந்த மிலிட்டரி சிப். அஞ்சு லட்சம் போகும். இதுக்காகத்தான் கொன்னுட்டான்!"

"சத்தியமா இல்ல தாயி! நேத்து ஐயாதான் குடுத்தாரு. 'போலிடா, ஒடைச்சுப் போட்ரு'ன்னாரு."

"ஒடைக்காம எதுக்கு வச்சிருந்தே?" சுடர்விழி முறைத்தார்.

"பாக்க அழகா இருந்துச்சுங்க..."

"ஆயுசுக்கும் ஜெயில் களிதான் ஒனக்கு!" என்றார் சுடர்விழி.

"மேடம்... அதை இங்கிட்டு குடுங்க."

அமுதவல்லி. அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துபவள்.

"நீ போய்ப் படு அமுதா. இப்ப எதுக்கு இதெல்லாம்?" சரவணக்குமார் குறுக்கிட்டான்.

"அப்பா போலின்னு சொல்லியிருந்தா அது போலிதாங்க. பாத்துரலாம்."

சிப்பில் அச்சடித்திருந்த எழுத்தையும் எண்ணையும் படித்தாள். நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்தாள். ஒரே ஒரு இழுப்பு.

பஞ்சு சாம்பல் நிறமானது! எழுத்து காணாமல் போனது. அடியில் கறுப்பு பிளாஸ்டிக்.

"மிலிட்டரி சிப்பு பீங்கான்ல இருக்கும் மேடம். இது பொம்மைக் காருக்குப் போடுறது. மேல பெயிண்ட்."

துடைக்காத மூலையை நகத்தால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது.

"இன்னும் சரியாக் காயக்கூட இல்ல. அடிச்சு ரெண்டு நாள்தான் இருக்கும்."

சுடர்விழி மெல்லத் திரும்பினார்.

"இருபது வருஷமா பீரோவுல இருந்துச்சுன்னீங்களே சார்?"

சரவணக்குமார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அமுதவல்லி அவற்றை இழுத்துப் பார்த்தாள். நக இடுக்கில்... சாம்பல் நிறம்!

"பணமுடை... நேத்து இதைக் காட்டி, அசல்னு ஒரு வரி எழுதிக் கேட்டேன் அமுதா... மாட்டேன்னாரு. காலையில சிப்பையாவது குடுங்கன்னேன். இருளாண்டிகிட்ட ஒடைக்கக் குடுத்துட்டேன்னாரு. ஆத்திரத்துல தள்ளிட்டேன்... மேசை முனையில..."

அவள் அழவில்லை. அழுகை தீர்ந்துபோயிருந்தது.

"எங்கிட்ட கேட்டிருந்தா நகையைக் கழட்டிக் குடுத்திருப்பேனே... எனக்குன்னு இருந்தது நீங்க ரெண்டு பேருதானேங்க!"

இருளாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவரு தொடச்சுக்கூடப் பாக்கல அமுதா," சரவணக்குமார் விசும்பினான். "பாத்த ஒடனே போலின்னுட்டாரு. எப்படி...?"

"8567னு அச்சடிச்சிருக்கீங்க. மொத ரெண்டு எண்ணு, செஞ்ச வருஷம். எம்பத்தஞ்சு. அடுத்த ரெண்டு, அந்த வருஷத்துல எத்தனாவது வாரம்னு. அறுபத்தேழு."

சுடர்விழி விலங்கைப் பூட்டினார்.

"வருஷத்துக்கு அம்பத்திரண்டு வாரந்தான் சார்... உள்ள போய் ஒண்ணொண்ணா எண்ணிப் பாருங்க!"