வெயில் தேடிப் போன வெள்ளைச் சட்டை

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் கொஞ்சம் கூடுதல்தான். ஆனியில் கொடியில் போட்ட துண்டு ஆவணியில் காய்ந்தது. ஒரு லாட்ஜ்காரர் வீட்டுத் துண்டில் பாசிப்பயறு முளைத்து, ரெண்டு நாள் கூட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். நம்பாதவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான், யஹ்யா பாயின் பரோட்டாக் கடை வாசலில், அனுசியா கையிலிருந்த சால்னாப் பொட்டலம் இசக்கிமணியின் நெஞ்சில் வெடித்தது.

அவள் மழைக்குத் தலை குனிந்து ஓடிவந்தாள். அவன் அருவியில் குளித்த சுகத்தில் அண்ணாந்து நடந்துவந்தான். திட்டப்போகிறான் என்று நிமிர்ந்தாள்... அவனோ அவள் இமையில் நின்ற சாரல் துளியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பார்த்து வரக்கூடாதா அண்ணாச்சி?"

"ஏங்க, குண்டு போட்டது நீங்க... கேள்வி எனக்கா?"

இலத்தூர்க்காரன். பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன். மூணு மணிக்கு ஆலங்குளத்தில் பெண் பார்க்கப் போகவேண்டும். அம்மாவும் மாமாவும் காரில் நேரே அங்கே வருகிறார்கள். இவனிடம் இருப்பது இந்த ஒரே வெள்ளைச் சட்டை... அதுவும் இப்போது வெள்ளை இல்லை.

அனுசியாவுக்குப் பாவமாகிவிட்டது. "கழட்டிக் குடுங்க அண்ணாச்சி. நான் தென்காசியில கெமிஸ்ட்ரி டீச்சர். எண்ணெய்க்கறை எடுக்கது எனக்குத் தெரியும்."

"பட்டாளத்தான் சட்டைய வெளுக்க டீச்சர் வேணுமாக்கும்?"

விறைப்பாகக் குழாயடிக்குப் போய், சோப்பை வைத்து ஒரு தேய் தேய்த்தான். எண்ணெய் அசையவில்லை. மஞ்சள்தான் செக்கச்செவேல் என்று சிவந்தது... அந்தப் பக்கம் வந்த கேரளா வேன் நின்று, "ஐயோ, ரத்தம்!" என்று ஆறு பேர் இறங்கிவிட்டார்கள். ஒருவர் கட்டுப்போட வேட்டியையே கிழித்துவிட்டார்.

பனியனோடு திரும்பி வந்தான். "டீச்சர்..."

"சோப்பு பட்டா மஞ்சள் சிவக்கும். எட்டாங்கிளாஸ் பாடம். அன்னைக்கு லீவா?"

"வெளியே முட்டி போட்டிருந்தேன். சரியா காதுல விழல."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சட்டையை வாங்கினாள். "இத வெள்ளையாக்கி உங்களப் பொண்ணு பார்க்க அனுப்பலன்னா, நான் டீச்சரே இல்ல!"

வாய்தான் முந்திக்கொண்டது... மனசைக் கேட்கவில்லை.

எலுமிச்சை மூடியைத் தேய்த்ததும் சிவப்பு பழையபடி மஞ்சளானது. துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். யஹ்யா பாயின் முகப்பவுடரைக் கறைமேல் கொட்டிக் கால்மணி நேரம் விட்டாள். பவுடர் எண்ணெயைக் குடித்துக் கட்டியானது. உதறிவிட்டு, பாத்திரம் விளக்கும் லிக்விடைத் தண்ணீர் கலக்காமல் விட்டு, உள்பக்கமிருந்து விரலால் மெல்லத் தேய்த்து அலசினாள். எண்ணெய் போன இடம் தெரியவில்லை.

"மாப்பிள்ளை அவரு... பவுடர் சட்டைக்கா?" என்று காலி டப்பாவைத் தட்டிப் பார்த்தார் யஹ்யா பாய்.

ஆனால் சட்டைப் பையோரம் மஞ்சள் மட்டும் போகாமல் நின்றது. "இதுக்கு வெயில்தான் மருந்து" என்றாள். மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள். அது அவர்கள் கண்ணிலேயே சாரலைத் தெளித்தது.

"பாவூர்சத்திரம் தாண்டினா வெயில் அடிக்கும். ஏறுங்க அண்ணாச்சி!"

ஸ்கூட்டி பறந்தது. பின்னால் அவன் சட்டையை ரெண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தான். நல்லவேளை, அது முகத்தை மறைத்தது. டீச்சர் யாரோ ஒரு பனியன்காரனை ஏற்றிப் போகிறாள் என்று தென்காசியில் பேச்சு வரவில்லை. டீச்சர் பின்னால் ஒரு சட்டை தானாகவே உட்கார்ந்து போகிறது என்றுதான் வந்தது.

பாவூர்சத்திரம் தாண்டி ஒரு பாலம். அங்கே சாரல் கோடு கிழித்தாற்போல நின்றது. முன்சக்கரத்தில் புழுதி... பின்சக்கரத்தில் சகதி.

ஆவாரஞ்செடிமேல் சட்டையை விரித்துவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். அவன் பனிமலையில் சென்ட்ரி காவல் நின்றபோது தனியாகப் பாடிய பாட்டைச் சொன்னான். அவள், அப்பாவுக்குத் தினம் பரோட்டா வாங்கிக் கொடுத்து டாக்டரிடம் பொய் சொல்வதைச் சொன்னாள். அவன் சிரிக்கும்போது கண் முதலில் சிரித்தது... வாய் பிறகுதான் வந்தது.

"என்ன டீச்சர், பாவூர்சத்திரத்துக்குப் பிறகு உங்க வாயில ஒரு 'அண்ணாச்சி'யக்கூடக் காணோம்?"

"...சாரல்ல விழுந்திருக்கும்."

மஞ்சள் மங்கிக்கொண்டே வந்தது. 'இது போனா... இவரும் போயிருவார்.' நினைத்த மாத்திரத்தில் ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது... உடனே வெட்கமும். மேகம் விலகியது. பத்து நிமிஷத்தில் இன்னொன்று வந்தது. அதுவும் போனது.

ரெண்டேகாலுக்குச் சட்டை வெள்ளைவெளேர் என்று இருந்தது. பாழாய்ப்போன கெமிஸ்ட்ரி!

"போட்டுக்கிட்டு... போங்க" என்றாள். "பொண்ணு வீட்ல காத்திருப்பாங்க."

போட்டுக்கொண்டான். போகவில்லை. போனை எடுத்தான்.

"அம்மா... அந்த வீட்ல இப்பவே சொல்லிருங்க. அந்தப் பிள்ளை பூ வைக்கதுக்கு முன்னாடி. அதுமேல ஒரு குறையும் இல்ல, தப்பு எம்மேல. நானே வந்து மன்னிப்புக் கேட்கேன்."

ஆலங்குளத்திலிருந்து "ஏலே!" என்று ஒரு சத்தம் வந்தது. போனில் கொஞ்சம் பிந்தித்தான் கேட்டது.

ஸ்கூட்டிக் கொக்கியில் அனுசியா அப்பாவுக்கு யஹ்யா பாய் மறுபடி கட்டிக்கொடுத்த சால்னாப் பொட்டலம் தொங்கியது. நூலை அவிழ்த்தான். ஒரு விரலை முக்கி, சட்டைப் பைக்குமேல், நெஞ்சோடு, ஒரு பொட்டு வைத்தான்.

"டீச்சர்... கறை போகலையே."

"கிறுக்கா உங்களுக்கு?" கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு. "இதுக்கு எத்தன வெயில் வேணும் தெரியுமா?"

"எனக்கு இன்னும் பதினெட்டு நாள் லீவு இருக்கு. உங்களுக்கு... என்னைப் பிடிச்சிருக்கா?"

அவள் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். "ஏறுங்க. மன்னிப்புக் கேட்கப் போறவர் கறையோட போறதுதான் மரியாதை. நான் தெருமுனையில நிக்கேன்... திட்டு பூராவையும் வாங்கிட்டு வாங்க."

ஏறினான். கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே, காற்றில் மெதுவாகச் சொன்னாள்.

"அந்த முதல் மேகம்... நான் வேண்டிக்கிட்டுத்தான் வந்துச்சு."

"தெரியும்" என்றான் பின்னாலிருந்து. "ரெண்டாவது மேகம் நான் கூப்பிட்டது."