மேட்டுப் பக்கம், பதினைந்து தப்படி

காலை 6.10

முதல் கூட்டில் முட்டை இல்லை.

டெய்லரக்கா மண்டியிட்டுப் பார்த்தார். கூழாங்கற்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு குழி. ஞாயிற்றுக்கிழமை அதில் நான்கு முட்டைகள் இருந்தன. கல்லின் நிறம், கல்லின் புள்ளிகள். இப்போது குழி மட்டும் இருந்தது. தலைக்கு மேலே ஓர் ஆள்காட்டிப் பறவை தொண்டை கிழியக் கத்திக்கொண்டு சுற்றியது.

இரண்டாவது கூடும் காலி. மூன்றாவதும்.

பதினொரு கூடுகளையும் பார்த்து முடித்தார். போனில் எண்ணை இரண்டு முறை தவறாக அழுத்தினார். மூன்றாவது முறை காவல் நிலையம் கிடைத்தது.

"முட்டைத் திருட்டா?" என்றது எதிர்முனை. "கோழி முட்டையாம்மா?"

காலை 6.50

சப்-இன்ஸ்பெக்டர் குள்ளமான பெண். பேச்சு குறைவு. கையில் சின்ன நோட்டும் பென்சிலும். கூட வந்த ஏட்டுக்குப் பேச்சுதான் மூச்சு.

"பேரே ஆள்காட்டியாம். யாரு எடுத்தாங்கன்னு அதுவே காட்டிடாதா மேடம்?"

"காட்டியிருக்கும். கேக்க ஆள் இல்லை," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பிறகு டெய்லரக்காவிடம் திரும்பினார். "எவ்வளவு அவசரம்? அதை முதல்ல சொல்லுங்க."

"பதினோரு மணிக்கு அதிகாரிங்க வராங்க. பறவை அடைகாக்கிற பத்துக் கூடு இருந்தா இந்த ஏரிக்கரையைத் தொட மாட்டாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் கரை மேல ரோடு வந்துடும். ஆறு வருஷம் மேடம். குப்பை அள்ளி, நாயை விரட்டி, ஒவ்வொரு கல்லா..." அவர் நிறுத்திக்கொண்டார். "அது மட்டுமில்லை. பறவை வெறுங்கூட்டைச் சுத்தும். நாலு மணி நேரம், மிஞ்சிப்போனா அஞ்சு. அப்புறம் கைவிட்டுடும்."

"எப்ப எடுத்திருப்பாங்க?"

"அஞ்சு மணிக்குக் கத்தல் கேட்டுது. நாய்னு நெனச்சேன்."

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதினார்: 5 + 5 = 10.

காலை 7.05

கரை ஈரமாக இருந்தது. சனிக்கிழமை பெய்த பெருமழையில் ஏரி ஏறியிருந்தது. நேற்று மாலையும் தூறல். அதில் ரப்பர் கம்பூட்ஸ் தடங்கள் அச்சடித்த மாதிரி பதிந்திருந்தன. டெய்லரக்காவின் செருப்புத் தடம் தனியாகத் தெரிந்தது.

ஒவ்வொரு கூட்டுக்கும் நீல முனை வைத்த ஒரு மூங்கில் கோல். ஆனால் கோல் கூட்டின் பக்கத்தில் இல்லை.

"பக்கத்துல நட்டா காக்காய்க்கும் கெட்டவனுக்கும் நாமளே வழி சொன்ன மாதிரி," என்றார் டெய்லரக்கா. "கோலைத் தண்ணிப் பக்கம் நடுவோம். அதுலேர்ந்து மேட்டுப் பக்கம் நேரா பதினஞ்சு தப்படி. அங்கதான் கூடு. இது கூட்டைக் காக்கிற எங்க நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

"கூட்டு இடத்தை எழுதவே மாட்டோம். வாய்ப்பேச்சுதான்."

பூட்ஸ் தடம் முதல் கோலுக்கு வந்தது. அங்கிருந்து கோடு போட்டது போலக் கூட்டுக்குப் போனது. தேடல் இல்லை, தடுமாற்றம் இல்லை. முட்டை ஓட்டுத் துண்டு ஒன்றுகூடக் கீழே கிடக்கவில்லை. இரண்டாவது கூட்டருகே முள்செடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பஞ்சு சிக்கியிருந்தது.

"உடைக்கலை," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "பஞ்சுல வெச்சு எடுத்திருக்காங்க."

ஏட்டு டெய்லரக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார். தையல் கடையில் பஞ்சுக்கா பஞ்சம்?

ஏழாவது கோலில் சப்-இன்ஸ்பெக்டர் நின்றுவிட்டார். தடம் கோலிலிருந்து மேட்டுப் பக்கம் போயிருந்தது. பதினைந்து தப்படி. அங்கே வெறும் கல். தடம் இரண்டு முறை வட்டமடித்துத் திரும்பியிருந்தது. எட்டாவது கோலிலும் அதே கதை.

"இங்க கூடு எங்கே?"

டெய்லரக்கா எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். தண்ணீரை ஒட்டி ஒரு பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது. "இந்த ரெண்டும் தாழ்வான கூடு. மழையில கோல் ரெண்டும் மூழ்கிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலையில நான்தான் பிடுங்கி மேட்டுப் பக்கம் நட்டேன். இந்த ரெண்டுக்கு மட்டும் கணக்குத் தலைகீழ். முட்டை பத்திரமா இருக்கு மேடம். ஒன்பதுதான் போயிருக்கு."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா? ரெண்டு தப்பிச்சதை?"

"இல்லை. முட்டை போயிடுச்சுன்னு மட்டும்தான் போன்ல சொன்னேன்."

"அப்படியே இருக்கட்டும். வாயைத் திறக்காதீங்க."

காலை 7.30

கரையோரக் கொட்டகை. நான்கு ஜோடி கம்பூட்ஸ், எல்லாம் எட்டாம் நம்பர், மொத்தமாக வாங்கியது. மூன்று ஜோடி காய்ந்திருந்தன. ஒன்றில் சேறு சொட்டியது. பூட்டு உடைபடவில்லை. சாவி நால்வரிடமும் உண்டு.

"ரோடு காண்ட்ராக்டர் வேலைதான் மேடம்," என்றார் ஏட்டு. "கையில விலங்கோட போய் நிப்போமா?"

"வெளியாளுக்கு ஏது சாவி? கோலைச் சுத்தித் தோண்டிப் பார்த்திருப்பான். இவங்க நேரா நடந்து போயிருக்காங்க."

சுவரில் ஒரு வரைபடம். கரை மேல் சிவப்புக் கோடு. கடைத்தெரு வழியாக நீலப் புள்ளிக்கோடு.

"இந்த நீலம்?"

"கரை தப்பிச்சா ரோடு அப்படிப் போகும். அதிகாரிங்க சனிக்கிழமைதான் மாட்டினாங்க," என்றார் டெய்லரக்கா. "கடைத்தெருவுல ஒரு வரிசையை இடிப்பாங்க. சைக்கிள் கடை, மருந்துக்கடை..." கொஞ்சம் தயங்கினார். "என் கடை."

ஏட்டு தொண்டையைச் செருமினார். சப்-இன்ஸ்பெக்டர் மேசை மேலிருந்த பதிவேட்டைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கணக்கெடுப்பு. பறவை மிரளக்கூடாது என்பதால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் கரையில் இறங்கலாம். நால்வரும் தனித்தனியே பதினொரு கூட்டையும் எண்ணி எழுத வேண்டும். போன ஞாயிறு: ஆறு மணிக்கு டெய்லரக்கா, எட்டு மணிக்கு போஸ்ட்மேன், பத்து மணிக்கு பஸ் டிரைவர், மாலை நான்கு மணிக்கு மருந்துக்கடைக்காரர். நான்கு பத்திகள், நான்கு கையெழுத்து. நான்கிலும் எண்கள் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தன.

"கோல் மாறினதை யார் யாருக்குச் சொன்னீங்க?"

"போஸ்ட்மேன் போன் பண்ணாரு, சொன்னேன். டிரைவருக்கு அவர் சொல்லியிருப்பாரு. மருந்துக்கடை அண்ணனுக்கு அவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லியிருப்பாங்க."

காலை 7.50

போஸ்ட்மேன் நெடுநெடுவென்று வளர்ந்தவர். ஊரில் அவருக்கு ஒட்டகம் என்று பெயர்.

"காலையில அஞ்சு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"தூக்கத்துல. என் குறட்டைக்குத் தெருவே சாட்சி."

"ஞாயித்துக்கிழமை கணக்கெடுப்புல ஏதாவது தொல்லை?"

"ஏழாவது கூடு கிடைக்கவே இல்லை மேடம். இருபது நிமிஷம் தேடி, கடைசியில அக்காவுக்குப் போன் போட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"அதை யார்கிட்ட சொன்னீங்க?"

"டிரைவர் மாமா கிட்ட. அடுத்த முறைக்கு அவர் வந்தப்போ."

காலை 8.00

டிரைவர் கோபமாக வந்தார். "எட்டரைக்கு வண்டி எடுக்கணும். சீக்கிரம் கேளுங்க."

"அஞ்சு மணிக்கு?"

"டிப்போவுல. டயர் மாத்தினோம். நாலு பேர் பார்த்தாங்க."

"ஞாயித்துக்கிழமை?"

"அந்த எட்டாம் நம்பர் பூட்ஸ் என் காலைக் கடிச்சுது. அதைத் தவிர ஒண்ணுமில்லை. ரெண்டு கோல் மாறினதை ஒட்டகம் முன்னாடியே சொல்லிட்டான்."

"நீங்க மருந்துக்கடைக்காரருக்குச் சொன்னீங்களா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "ஒட்டகம் சொல்லியிருப்பான்னு விட்டுட்டேனே."

காலை 8.15

மருந்துக்கடைக்காரர் சட்டை மடிப்புக் கலையாமல் வந்தார். மென்மையான குரல். கண் மட்டும் சிவந்திருந்தது.

"அஞ்சு மணிக்கு?"

"கடையில சரக்கு அடுக்கிட்டு இருந்தேன். தனியாத்தான். அத்தனை முட்டையும் போச்சாமே! மனசே ஆறலைம்மா."

"ஞாயித்துக்கிழமை தொல்லை ஏதாவது?"

"ஒண்ணும் இல்லை. போனேன், பதினொண்ணையும் எண்ணினேன், எழுதினேன். அரை மணி நேர வேலை."

"ஏழு, எட்டு?"

"ஏழுல நாலு முட்டை. எட்டுல மூணு."

பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

காலை 8.25

நால்வரும் கொட்டகைக்குள் நின்றார்கள். வெளியே ஆள்காட்டிகளின் கத்தல் ஓயவில்லை. ஆனால் முன்பைவிடக் குறைந்திருந்தது. டெய்லரக்காவின் கண் அடிக்கடி ஜன்னலுக்குப் போனது.

"ஒரே ஒரு கேள்வி," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "மருந்துக்கடை அண்ணன் மட்டும் பதில் சொல்லுங்க. ஏழாவது கூடு கோலுக்கு எந்தப் பக்கம்?"

"எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா. மேட்டுப் பக்கம், பதினஞ்சு தப்படி."

போஸ்ட்மேன் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"கோல் இடம் மாறி நாலு நாள் ஆகுது," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஞாயித்துக்கிழமை கரையில இறங்கின யாருக்கும் அது தெரியாம இருக்க முடியாது. போஸ்ட்மேன் இறங்கினாரு, கூடு கிடைக்கலை, போன் பண்ணாரு. டிரைவருக்கு முன்னாடியே தெரியும். உங்களுக்கு யாரும் சொல்லலை. நீங்களும் யாரையும் கேக்கலை. ஆனா ஏழுல நாலு, எட்டுல மூணுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க எண்ணலை. பக்கத்துப் பத்தியைப் பார்த்து எழுதினீங்க."

"எண்ணாதது தப்புதான். அதுக்காகத் திருடன்னு..."

"காலையில வந்த ஆளுக்குப் பழைய கணக்கு தெரியும், புதுக் கணக்கு தெரியாது. ஏழுலயும் எட்டுலயும் மேட்டுப் பக்கம் போய் வெறும் கல்லைச் சுத்திட்டுத் திரும்பியிருக்காரு. கொட்டகைச் சாவி இருக்கிற நாலு பேர்ல புதுக் கணக்கு தெரியாதவர் நீங்க ஒருத்தர்தான்."

"அந்த ரெண்டையும் காக்கா தின்னுடுச்சுன்னு நெனச்சேன்," என்றார் மருந்துக்கடைக்காரர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவி!" என்றார் டிரைவர். "முட்டை எங்கேய்யா?"

"பத்திரமா இருக்கு. உடைக்கலை. பதினோரு மணிக்கு அவங்க பார்த்துட்டுப் போனதும் திருப்பி வெச்சிடலாம்னுதான்..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சனிக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்தேன். மறுநாள் கரையில இறங்கக் கால் வரலை. இதே பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தேன். பறவைக்கு வேற கரை இருக்கு. எனக்கு வேற கடை இல்லை."

டெய்லரக்கா முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"அண்ணே, உங்க கடைக்கு அடுத்த கதவு யாருது?"

அவர் சுவரில் இருந்த நீலப் புள்ளிக்கோட்டைப் பார்த்தார்.

"எங்கே வெச்சிருக்கீங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். மணி 8.35.

காலை 8.50

மருந்துக்கடை மேசைக்கு அடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி. ஊசி மருந்து ஐஸில் வரும் பெட்டி. இன்று அதில் ஒரு வெந்நீர்ப் பை, அதன் மேல் பஞ்சு, பஞ்சில் முட்டைகள். ஒவ்வொரு கூட்டு முட்டையும் தனித்தனிக் காகித உறையில். உறையின் மேல் 1, 2, 3 என்று அழகான கையெழுத்து. ஏழும் எட்டும் எழுதிய உறைகள் காலியாக இருந்தன.

"திருடும்போதும் லேபிள் ஒட்டியிருக்காரு பாருங்க," என்றார் ஏட்டு.

டெய்லரக்கா ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பு இருந்தது. ஒன்பதாம் உறை மட்டும் பையை விட்டு விலகி ஓரத்தில் கிடந்தது. அதைத் தொட்டதும் அவர் முகம் சுருங்கியது. அது சில்லிட்டிருந்தது.

காலை 9.25

முட்டைகளைத் திருப்பி வைக்க டெய்லரக்கா தனியாகத்தான் இறங்கினார். விதி விதிதான். கூட்டுக்குக் கூடு குனிந்து, வைத்து, திரும்பிப் பாராமல் நடந்தார்.

பிறகு எல்லோரும் கொட்டகையில் காத்திருந்தார்கள். ஒரே தொலைநோக்கி, கைமாறிக்கொண்டே இருந்தது. டிரைவர் டிப்போவுக்குப் போன் செய்து, வயிற்றுவலி என்று பொய் சொன்னார்.

9.40. இரண்டாவது கூட்டுப் பறவை நடந்து வந்தது. நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. உட்கார்ந்தது.

10.05. ஐந்து கூட்டில் பறவைகள்.

10.30. ஏழு. ஒன்பதாவது கூட்டின் ஜோடி எங்குமே தெரியவில்லை.

"ஒன்பதுல மட்டும்தான் பறவை வரலையா?" என்றார் மருந்துக்கடைக்காரர் மூலையிலிருந்து.

10.50. பதினொன்றாவது கூட்டருகே ஒரு பறவை மூன்று முறை வந்து மூன்று முறை போனது. நான்காவது முறை உட்கார்ந்தது. எட்டு.

காலை 11.20

சப்-இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்ன பிறகு, மூன்று அதிகாரிகள் தொலைநோக்கி வழியாக எண்ணினார்கள். ஒருவர் எண்ணி, மற்றவர் சரிபார்த்து, மூன்றாமவர் எழுதினார். டெய்லரக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"திரும்பி வந்தது எட்டு. எடுக்காதது ரெண்டு," என்றார் எழுதியவர். "பத்து. சரியா இருக்கு."

போஸ்ட்மேன் சத்தமாகக் கை தட்டப் போனார். டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், பறவை எழுந்துடப் போகுது!"

மருந்துக்கடைக்காரர் கொட்டகைச் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, தானாகவே ஜீப்பை நோக்கி நடந்தார்.

"உங்க கடை?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், டெய்லரக்காவிடம் மட்டும் கேட்கும்படி.

"மெஷினுக்கு நாலு கால்தான் மேடம். நாலு பேர் பிடிச்சா எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம்." மேசை மேலிருந்த சாவியைப் பார்த்தார். "இப்ப மூணு பேர் ஆயிட்டோம்."

பதிவேட்டை எடுத்தார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு பத்திகள் கோடு போட்டார். நான்காவதன் மேல் பேனாவை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டு சார், ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உங்களுக்கு என்ன வேலை?"

ஏட்டு முதலில் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு வரிசையாக நின்ற பூட்ஸ்களைப் பார்த்தார்.

"எனக்குப் பத்தாம் நம்பர் வேணும்மா," என்றார்.