அவர் பேசாத நான்கு நிமிடங்கள்

குளியலறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது கைபேசி மேசைமேல் சூடாகக் கிடந்தது. மகள் வழக்கம்போல் மாலை நான்கு மணிக்கு அழைத்திருக்கிறாள். ஆனால் தவறிய அழைப்பு என்று காட்ட வேண்டிய இடத்தில், நான்கு நிமிடம் பேசியதாக இருந்தது. வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. மனைவி போய் ஆறு வருடம் ஆயிற்று; பூனைகூட அவருடைய இருமலைக் கேட்டுவிட்டு ஜாகை மாற்றிக்கொண்டது.

முப்பது வருடம் பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். தெருவில் குரல்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். வண்டி எங்கே கவிழ்ந்து கிடந்தாலும் பயணிகள் பதறாதபடி வழுவழுவென்று பேச வேண்டும், அதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்றும் அதை அவர் விடவில்லை. நுரையீரல் சுருங்கி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, சமையலறைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், மகள் அழைத்தால் மட்டும் மூச்சையெல்லாம் சேர்த்துவைத்து, "ராஜா மாதிரி இருக்கேன்மா" என்பார். அவளும் நம்பினாள். முகம் பார்த்துப் பேச வசதி வந்த பிறகும் அந்தக் குடும்பம் குரலைத்தான் நம்பியது. பெருமையோ, சோம்பலோ, யார் கண்டது.

சில வாரங்களாக, இருந்தது போதும் என்ற எண்ணம் அவருக்குள் குடியேறியிருந்தது. முதலில் பிற்பகல்களில் மட்டும் எட்டிப் பார்த்தது. பிறகு பல் துலக்கும்போதே பக்கத்தில் வந்து நின்றது. மகளிடம் சொல்லப் பயந்தார். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அதைவிடப் பயந்தார்.

மறுநாள் மாடிவீட்டுத் தையல்காரி வாசலில் நின்றாள்.

"என்ன சார், நேத்து ஒரே கச்சேரி? மககிட்ட பாட்டெல்லாம் பாடிக் காட்டினீங்க. நான் மிஷினையே நிறுத்திட்டுக் கேட்டேன்."

"நானா?"

"பின்ன, உங்க டியூபா பாடும்?"

சிரித்துக்கொண்டே படியேறிப் போனாள். மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறவர். பாட்டாம்.

அன்று மூன்றரை மணிக்கே கைபேசியோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இன்று சொல்லிவிடுவது. வாய்க்குள் ஒத்திகை பார்த்தார்: உயிரோட இருக்கவே பிடிக்கலைம்மா, பயமா இருக்கு, வந்துடு. ஜன்னல் வெயில் தரையில் மெதுவாக நகர்ந்தது. ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது, யாரோ எழுந்து உட்கார்ந்ததுபோல.

நான்கு மணி. கைபேசி அடித்தது. விரல் படும் முன்பே நின்றது.

"சொல்லும்மா," என்றது உள்ளறை.

அவருடைய குரல். முப்பது வருடத்துக்கு முந்தைய குரல்.

கையிலிருந்த திரையில் நொடிகள் ஓடின. கத்தினார். விசில்தான் வந்தது.

"பின்னாடி என்னப்பா சத்தம்?" கைபேசியில் மகள்.

"மிஷின்தான்மா. அதைக் கண்டுக்காத."

"சரி, கதவைத் திறங்க. வாசல்லதான் நிக்கறேன். சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

வந்துவிட்டாள். வந்தேவிட்டாள். அவருக்குக் கண் நிறைந்தது.

"திறந்துதான் இருக்கு. உள்ள வா."

மகள் கூடத்துக்குள் நுழைந்தாள். அவரை நோக்கி வந்தாள். கைகளை நீட்டினார். காலி நாற்காலியில் வைப்பதுபோலத் தன் கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு, உள்ளே போனாள்.

"அட, தேறிட்டீங்களேப்பா!"

கதவிடுக்கில் அவள் முதுகு தெரிந்தது. அதை அணைத்த இரண்டு கைகள். தோள்மேல் ஒரு முகம். குழாய் இல்லாத முகம்.

அவள் தலையைத் தடவிக்கொடுத்தபடியே, அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.