நளதீர்த்தக் கரையில் போன தோடு

மரியசெல்வம் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது உம்மு சல்மா வந்து சேர்ந்தாள். வெயிலில் ஓடிவந்தவள் போல மூச்சு வாங்கியது. ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஐயா, எங்க மாப்பிள்ளைய ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க. வைரத்தோட்டத் திருடிட்டாராம். நீங்கதான் வந்து விசாரிக்கணும்."

கணவனை அவள் மாப்பிள்ளை என்றுதான் சொல்வாள். அவன் பெயர் நாகூர் மீரான். வாடகைக் கார் ஓட்டுபவன். வெளியூர்க்காரர்களுக்குக் காரைக்காலைச் சுற்றிக் காட்டுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது.

மரியசெல்வம் பிரெஞ்சு, இந்திய இரண்டு ஆட்சிகளின் கீழும் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்கார நீதிபதி கேட்டதைத் தமிழிலும், சாட்சி சொன்னதைப் பிரெஞ்சிலும் சொல்லிச் சொல்லி, ஒரு பேச்சில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. ஊரில் பொருள் தொலைந்தால் பாதிப் பேர் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் இவரிடம்தான் வருவார்கள். அவரோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வருபவர் மருந்துக்கடை தெட்சிணாமூர்த்தி. விஷயம் என்ன என்று கேட்பதற்கு முன்பே குற்றவாளியைச் சொல்லிவிடும் ஆர்வக்காரர். அன்றும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

"உக்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு," என்றார் மரியசெல்வம்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். மெட்ராஸிலிருந்து கமலாம்பாள் என்ற அம்மாள் வந்திருக்கிறாள். அவள் கணவருக்குச் சனி பிடித்திருக்கிறது என்று ஜோசியர் சொன்னதால் பரிகாரம் செய்ய வந்தவள். துணைக்குத் தங்கை மகன் சோமசேகரனும் அவன் மனைவி ராஜமும். முதல் நாள் மீரான் அவர்களுக்கு ஊரைக் காட்டியிருக்கிறான். அம்மையார் கோயில், மாதா கோயில், மஸ்தான் சாகிப் தர்கா, அரசலாற்று முகத்துவாரம், கடற்கரை. இன்று காலை திருநள்ளாறு.

"திருநள்ளாத்தக் கடைசியாத்தான் வைப்பாரு. சனீஸ்வரரக் கும்பிட்டா அப்புறம் வேற எங்கயும் நுழையாம நேரா வீட்டுக்குப் போயிடணும்னு கோயிலுக்கு வர்றவங்கல்லாம் சொல்லுவாங்கள்ல, அதுக்காக."

"சரி. தோடு எப்பப் போச்சு?"

"எண்ணெ தேச்சுக் குளிக்கணும்னு அந்தம்மா தோட்டக் கழட்டி, ஒரு சுருக்குப்பையில போட்டு, கார்ல கைப்பையில வச்சுட்டுக் கொளத்துக்குப் போயிருக்காங்க. இவரு கார்லயே இருந்திருக்காரு. நடுவுல அந்த சாரு மாத்துத்துணிப் பைய எடுக்க ஒரு தடவ வந்தாராம். லாட்ஜுக்குத் திரும்பினப்புறம் பாத்தா சுருக்குப்பை இருக்கு, தோடு இல்ல. உடனே அந்தம்மா லாட்ஜ் வாசல்ல, நடுத்தெருவுல நின்னு, 'திருட்டுப் பயலே'ன்னு கத்தியிருக்காங்க. டீக்கடையில இருந்தவங்க எல்லாம் கேட்டாங்க."

சப் இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். மீரானையும் காரையும் சோதித்துவிட்டு, மாலை அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்குள் எழுத்தில் புகார் கொடுத்தால் வழக்குப் பதிவேன் என்று சொல்லியிருந்தார். வழக்கு என்று ஆகிவிட்டால் காரின் முதலாளி சாவியை வாங்கிக்கொள்வார்.

"காரு போனா மீன்வண்டி ஓட்டட்டும்யா, நான் கவலப்படல. திருடன்ங்கிற பேரோட அவரால இந்த ஊர்ல நடக்க முடியாது. அது எனக்குத் தெரியும்," என்றாள் உம்மு சல்மா.

மரியசெல்வம் சாப்பாட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

லாட்ஜ் கடற்கரைக்குப் போகும் சாலையில் இருந்தது. உம்மு சல்மாவும் கூடவே வந்தாள். வழியெல்லாம் தெட்சிணாமூர்த்தி துப்புத் துலக்கிக்கொண்டே வந்தார். டீ விற்றவன் எடுத்திருப்பான், இல்லையென்றால் குளத்தில் விட்ட துணிகளை அள்ளுகிறவர்கள், இல்லையென்றால் மெட்ராஸிலிருந்தே பின்தொடர்ந்து வந்த ஒரு கூட்டம். மரியசெல்வம் எல்லாவற்றுக்கும் "இருக்கலாம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம்.

கமலாம்பாள் மாடி அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வெறும் காதை அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க அம்மா போட்டிருந்த தோடுங்க. எண்ணெய் பட்டா வைரம் மங்கிடுமேன்னு கழட்டினேன். அவன் ஒருத்தன்தான் கார்ல இருந்தான். வேற யாரு எடுப்பா?"

சோமசேகரன் நல்ல உயரம். சலவைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. பேச்சும் அப்படித்தான்.

"நான் காருக்குப் போனதை மறைக்கலை சார். மாத்துத்துணிப் பை எடுக்கப் போனேன். பையை டிரைவர்தான் கையில் எடுத்துக் குடுத்தான். கைப்பை பக்கத்து சீட்டுல இருந்தது, சரி. ஆனா நான் எப்படிப் போனேன்? உடம்பெல்லாம் எண்ணெய். சட்டை இல்லை, பனியன் இல்லை. இடுப்புல ஒரே ஒரு வேட்டி. மாத்துத்துணிப் பையைக் கொண்டுவந்து பெரியம்மா கையில குடுத்துட்டேன். அவங்களே உதறிப் பாத்துத் துணியை எடுத்தாங்க. நேரா தண்ணியில இறங்கினேன். முழுக்குப் போட்டுட்டு வேட்டியையும் குளத்துலயே விட்டாச்சு. வேட்டியில முடிஞ்சிருந்தா தோடும் அதோட போயிருக்கும். இதைத்தான் சப் இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொன்னேன், அவரும் ஒத்துக்கிட்டார்."

தெட்சிணாமூர்த்திக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. "கச்சிதமா இருக்கு!" என்று சொல்லிவிட்டு, உம்மு சல்மாவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"குளத்துல விட்டதை நீங்க பாத்தீங்களாம்மா?" என்று கமலாம்பாளிடம் கேட்டார் மரியசெல்வம்.

"எப்படிங்க பாக்கிறது? உடுத்தின துணியை விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம கரையேறணும்னு சொல்லித்தானே அனுப்பினாங்க. மூணு பேரும் அப்படித்தான் ஏறினோம்."

"சார், நாங்க சீக்கிரம் கிளம்பணும்," என்றான் சோமசேகரன். "திருநள்ளாறு போயிட்டு வழியில தங்கக்கூடாது. புகாரை எழுதிக் குடுத்துட்டு நேரா வீட்டுக்குப் போறதுதான் முறை."

"முறைப்படி செய்றவர் நீங்க. சந்தோஷம்," என்றார் மரியசெல்வம்.

ராஜம் பக்கத்தில் வரவில்லை. மூலையில் நின்று பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவன் பேசும்போதெல்லாம் அவள் கை நின்று நின்று போயிற்று.

மரியசெல்வம் காற்று வாங்கப் போவதாகச் சொல்லி மொட்டைமாடிக்கு ஏறினார். தெட்சிணாமூர்த்தியும் பின்னாலேயே போனார். அங்கே லாட்ஜில் வேலை செய்யும் ஞானமேரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மண்டபத்தூரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கொடியில் தலையணை உறைகள், படுக்கை விரிப்புகள், ஓரத்தில் ஒரு வேட்டி.

"என்ன தாயி, வேலை அதிகமோ?"

"ஆமாங்கய்யா. விரிப்புத் தொவைக்கிறதே பெரும்பாடு. இதுல இந்த வேட்டிய வேற வாளியில நனைச்சுப் போட்டு வச்சிருந்தாங்க. தொவைச்சுக் குடுக்கறது மொறதானேன்னு எடுத்தேன். எத்தன சோப்புப் போட்டும் நல்லெண்ணெப் பிசுக்கு போவல பாருங்க."

"எந்த ரூம்?"

"அந்த மெட்ராசு சாரு ரூம்தான்."

மரியசெல்வம் வேட்டியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். சலவைக்காரர் போட்ட கருப்புக் குறி ஒன்று மூலையில் இருந்தது. எதிர்மூலையில், ஈரத்தில் இறுக்கி முடிந்து அவிழ்த்த கசங்கல் இன்னும் சுருண்டு நின்றது. அவர் ஞானமேரியிடம் கேட்டு வேட்டியை வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தெட்சிணாமூர்த்தியை ஸ்டேஷனுக்கு ஓடச் சொன்னார்.

சப் இன்ஸ்பெக்டர் மீரானையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்ததும், லாட்ஜ் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மீரான் யாரையும் பார்க்காமல் நின்றான். உம்மு சல்மா அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"மூர்த்தி, நீங்க சுரக்குடிக்காரர்," என்று ஆரம்பித்தார் மரியசெல்வம். "திருநள்ளாறு உங்களுக்குப் பக்கத்து ஊர். நளதீர்த்தத்துல முழுகினவர் உடுத்தின துணியை என்ன செய்வார்?"

"அங்கேயே விட்டுடுவார். இது தெரியாதா? பீடை அதோட போயிடணும். அதைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவர்றதாவது! பைத்தியக்காரன்கூடச் செய்யமாட்டான்."

"அப்ப இது என்ன?" என்று வேட்டியை மேஜைமேல் விரித்தார்.

எண்ணெய் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. தெட்சிணாமூர்த்தி குனிந்து முகர்ந்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "மொட்டைமாடிக்கு நானும்தானே வந்தேன்! இது கொடியில தொங்கினதை நானும்தானே பாத்தேன்!"

"பாத்தீங்க. லாட்ஜ் கொடியில வேட்டி தொங்கறது அதிசயமில்லை. ஆனா நம்ம ஊர் வழக்கத்துல, இந்த ஒரு வேட்டி மட்டும் இங்க இருக்கவே கூடாது." அவர் சோமசேகரன் பக்கம் திரும்பினார். "உங்க பேச்சு நல்ல பேச்சு. தோட்டை ஒளிக்க உங்களுக்கு இருந்த ஒரே இடம் வேட்டி. அந்த வேட்டி குளத்துல போச்சு, அதனால நீங்க எடுக்கலை. வேட்டி போகலைன்னா?"

"அது என் வேட்டி இல்லை."

"உங்க சட்டைக் காலரைத் திருப்புங்க."

சோமசேகரன் அசையவில்லை. சப் இன்ஸ்பெக்டரே எழுந்து காலரைத் திருப்பினார். வேட்டியின் மூலையில் இருந்த அதே கருப்புக் குறி.

"டிரைவர் மாத்துத்துணிப் பையை எடுக்கக் குனிஞ்ச நேரம் உங்களுக்குப் போதும்," என்றார் மரியசெல்வம். "தோட்டை மடியில முடிஞ்சீங்க. குளிச்சிட்டுக் கரையில அவிழ்க்கப் பாத்தீங்க. ஈர முடிச்சு இறுகிடுச்சு, சுத்திலும் கூட்டம். துணியை விட்டா தோடும் போகும். அதனால பிழிஞ்சு பையில போட்டுக் கொண்டுவந்தீங்க. பெரியம்மா திரும்பிப் பாக்கமாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ரூமுக்கு வந்து தோட்டை எடுத்ததும் வேட்டியை வாளியில போட்டீங்க. எடுத்துத் துவைக்க ஒரு ஆள் வருவாள்னு நினைச்சுப் பாக்கலை. நேரா வீட்டுக்குப் போகணும்ங்கிற முறையை அவ்வளவு கறாராச் சொன்னவர், துணியை விடணும்ங்கிற முறையை மட்டும் ஏன் விட்டார்னுதான் நான் யோசிச்சேன்."

"வேட்டியைக் கொண்டுவந்தது குத்தமா? தோடு எங்கே? காட்டுங்க பாப்போம்!" சோமசேகரனின் குரல் உயர்ந்தது.

பதில் ராஜத்திடமிருந்து வந்தது. அவள் மாடிக்குப் போய், ஒரு பவுடர் டப்பாவோடு இறங்கிவந்தாள்.

"பெரியம்மா, இவர் பவுடரே போடமாட்டார். இன்னிக்கு ரூமுக்குள்ள வந்ததும் இந்த டப்பாவைத்தான் தேடி எடுத்தார். நான் ஏன்னு கேக்கலை. கேக்கப் பயமா இருந்தது." மூடியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்தாள். வெள்ளைப் பொடிக்குள்ளிருந்து இரண்டு தோடும் விழுந்தன.

கமலாம்பாள் தோட்டை எடுக்கவில்லை. தங்கை மகனையே பார்த்தாள்.

"கடை வைக்கக் கேட்டேன், குடுக்கலை நீங்க," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அதுக்கு இன்னொருத்தன் ஜெயிலுக்குப் போறதைப் பாத்துக்கிட்டு நின்னியேடா!" என்றாள் அவள். கோபத்தைவிட வெட்கம்தான் அவளைப் பிடுங்கித் தின்றது. மீரானிடம் திரும்பிக் கைகூப்பினாள். "தம்பி, மன்னிச்சிடுப்பா. தெரியாம சொல்லிட்டேன்."

மீரான், "பரவாயில்லம்மா," என்று முணுமுணுத்தான். விட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு. சப் இன்ஸ்பெக்டரும் தொப்பியை எடுத்துக்கொண்டார். தெட்சிணாமூர்த்தி எல்லாம் முடிந்தது என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"பரவாயில்லாம இல்ல," என்றாள் உம்மு சல்மா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா, நீங்க திருட்டுப் பயலேன்னு சொன்னது இந்தக் கூடத்துக்குள்ள இல்ல. தெருவுல. நாலு பேரு முன்னால. மன்னிப்ப மட்டும் உள்ளார வச்சுக் குடுத்தா எப்படி?"

"சல்மா, விடு," என்றான் மீரான்.

"நான் விடமாட்டேன்."

மரியசெல்வம் ஒதுங்கி வழி விட்டார். மொழிபெயர்க்க இதில் ஒன்றும் இருக்கவில்லை. கமலாம்பாள் வாசலைப் பார்த்தாள். பெரிய வீட்டு அம்மாள், வெளியூரில், தன் குடும்ப மானத்தைத் தெருவில் அவிழ்த்துப் போட வேண்டும். அது லேசான காரியமில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

டீக்கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"நாகூர் மீரான் என் தோட்டைத் திருடலை," என்றாள் கமலாம்பாள். "என் தங்கை மகன் எடுத்தான். நான்தான் தப்பா ஒரு நல்ல மனுஷனைச் சொன்னேன்."

குரல் பாதியில் கம்மியது. டீக்கடைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் என்ன என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

"காலையில தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சும்மா," என்றாள் உம்மு சல்மா.

கமலாம்பாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, காலையில் கத்திய அதே குரலில், இன்னொரு முறை முழுவதும் சொன்னாள். அப்போதுதான் உம்மு சல்மா அழுதாள்.