கடைசி ஆளுக்குப் பின்னால்

மார்ச் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பழைய கோட்டையின் மேல்வாசலிலிருந்து எட்டு மலை சைக்கிள்கள் கீழே புறப்பட்டன.

முன்னால் போனவள் சின்னவள். கடைசியில் வந்தவள் அவளுடைய அக்கா. நடுவில் ஆறு வாடிக்கையாளர்கள். வாசலிலிருந்து ஆற்றுப் பாலம் வரை பதினொரு கிலோமீட்டர். வழியில் காவல் கோபுரம், குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்த கல்தொட்டி, கூரை விழுந்த தானியக் கிடங்கு. பாலத்தில் முதலாளி வேனோடு காத்திருப்பார். அடுத்த மாதம் தொடங்கும் ஏழு நாள் கோட்டைப் பயணத்தில் முன்னால் போகப்போவது அக்காவா தங்கையா என்று இன்று மாலை சொல்லிவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், முன்னால் போகிறவள் தனக்கு அடுத்து வருபவரை நிறுத்தி, போக வேண்டிய திசையில் கையை நீட்டிக்கொண்டிருக்கச் சொல்வாள். மற்றவர்கள் அந்தக் கையைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் நிற்பவர் கையை இறக்கலாம். சின்னவள் இதைப் புறப்படும் முன் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவாள்.

"மழை வந்தாலும் சரி, மாமியார் வந்தாலும் சரி, எங்க அக்கா மூஞ்சியப் பார்க்காம யாரும் நகரக் கூடாது. ஒரு தடவ பார்த்தா மறக்க மாட்டீங்க, அப்படி ஒரு மூஞ்சி."

ஆறு பேரும் சிரித்தார்கள். பெரியவள் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டாள். ஒன்பது வருடமாக அவள்தான் கடைசி ஆள். குழுப் படங்களை எடுப்பதும் அவள்தான் என்பதால் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் நாற்பது படங்களில் ஒன்றில்கூட அவள் இல்லை. எல்லாவற்றிலும் நடுவில் சின்னவள், பல் தெரிய.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோட்டை வாசலில் சின்னவள் சொல்லும் கதை பெரியவள் கண்டுபிடித்தது. ஆவணக் காப்பகத்தில் நான்கு சனிக்கிழமைகள் தூசியைத் தின்று எடுத்தது. கோட்டை விழுவதற்கு முந்தைய மாலை முந்நூறு பேர் மேல்வாசல் வழியாகத் தப்பி இறங்கினார்கள். பாதை கடைசியாகப் பிரியும் இடத்தில் வழி காட்ட ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். பாதிப் பேர் வருவதற்குள் அவன் பயந்துபோய்க் கையை இறக்கிவிட்டு ஓடிவிட்டான். பின்னால் வந்தவர்கள் வலப்பக்கம் திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தார்கள். பெரியவள் இதை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். சின்னவள் அதைச் சொல்லும்போது "ஓடிட்டான்" என்ற சொல்லுக்குப் பிறகு மூச்சை நிறுத்தி, வாசல் கல்லைத் தடவுவாள். இன்று ஒரு வங்கி அதிகாரி அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. 'எப்படி இதெல்லாம் தேடிப் பிடிச்சீங்க' என்று கேட்டார். சின்னவள் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

காவல் கோபுரத்தைத் தாண்டியபின், செருப்புவாரைப் போல ஒடுங்கிய பாதையில், வெயிலில் காய்ந்த புல்லின் வாசனையும் சூடேறிய பிரேக் ரப்பரின் நெடியும் கலந்து வர, முன்னால் போகிறவர்களின் சக்கரச் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்துகொண்டிருக்க, அந்தக் கதைக்கு மட்டும் தன் பெயரைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று நூறாவது தடவையாக யோசித்தபடி இறங்கிக்கொண்டிருந்த பெரியவளுக்குப் பின்னால், ஒரு கூழாங்கல் உருண்டது.

அவள் பிரேக்கைப் பிடித்தாள். கடைசி ஆளுக்கு எல்லாச் சத்தமும் முன்னாலிருந்துதான் வர வேண்டும். ஒன்பது வருடத்துப் பழக்கம் அது. திரும்பிப் பார்த்தாள். வெயில், புல், வெறும் பாதை. தன் சக்கரம் எழுப்பிய தூசி இன்னும் அடங்கவில்லை. ஆடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்தொட்டிக்குப் பக்கத்தில், ஆறு வாடிக்கையாளர்களில் ஒருவரான பல் டாக்டர் கையை நீட்டியபடி நின்றிருந்தார். அவள் வந்து நின்ற பிறகும் கையை இறக்கவில்லை.

"கிளம்பலாம் சார். நான்தான் கடைசி."

"பின்னால ஒருத்தர் வர்றாரே மேடம். நடந்து வர்றாரு."

அவள் பார்த்தாள். யாரும் இல்லை. டாக்டர் பார்வை மட்டும் அவள் தோளைத் தாண்டி ஒரே இடத்தில் நிலைத்திருந்தது. நடந்து வருகிறவர் நம்மோடு வந்தவர் இல்லை என்று சொல்லி டாக்டரை அனுப்பி வைத்தாள். அவர் அரை மனதாகக் கையை இறக்கிவிட்டுப் போனார்.

அப்போது அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. சின்னவள் ஆள் வைத்திருக்கிறாள். கடைசி ஆள் ஒழுங்காக வேலை பார்க்கிறாளா என்று பார்க்க ஒருவனை மேலே ஒளித்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். முதலாளியும் உடந்தையாக இருப்பார். பாலத்தில் போய் அவன் ஒன்று விடாமல் ஒப்பிப்பான். இந்த எண்ணம் வந்ததும் மற்றதெல்லாம் தானாகப் பொருந்திக்கொண்டது. காலையில் இருவரும் வேனுக்குப் பின்னால் நின்று பேசியது, அவளைக் கண்டதும் நிறுத்தியது. பெரியவள் பற்களைக் கடித்துக்கொண்டு சைக்கிளை வேகமாக விட்டாள். இறக்கத்தில் அவளைத் துரத்திப் பிடிக்க இந்த ஊரில் ஆள் இல்லை. நடந்து வருகிறவன் எம்மாத்திரம்.

தானியக் கிடங்கு வரை இரண்டு கிலோமீட்டர். கிடங்கின் நிழல் பாதைக்குக் குறுக்கே படுத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் வியர்வை சட்டென்று குளிர்ந்தது. கருகிய தானியத்தின் வாசனை. கிடங்கு எரிந்து பல நூறு வருடம் ஆகிவிட்டது. மழைக்காலத்தில்கூட அவள் அங்கே அந்த வாசனையை உணர்ந்ததில்லை.

வழி காட்ட நின்றிருந்தவர் வங்கி அதிகாரி அம்மாள். கையை நீட்டியபடியே கேட்டார்.

"வேற குரூப்பும் வருதாம்மா? முப்பது நாப்பது பேர் இருப்பாங்க போலிருக்கு. சின்னப் பிள்ளைங்க எல்லாம் இருக்கு. சைக்கிளே இல்லாம."

பெரியவள் இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. காது கொடுத்தாள். மண்ணில் வெறும் பாதங்கள் பதியும் சத்தம், அவசரம் இல்லாத, ஆனால் நிற்காத சத்தம். ஒரு இருமல். துணி உரசுவது. யாரோ ஒரு குழந்தையைத் தோள் மாற்றும்போது வரும் மூச்சு. அவள் நின்றதும் அவை நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தன.

"நீங்க போங்கம்மா. நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

அந்த அம்மாள் கையை இறக்கினார். சத்தம் நின்றது.

நின்று வழி காட்டுகிறவர்களின் கண்ணுக்கு மட்டும்தான் அவர்கள் தெரிகிறார்கள். கை நீண்டிருக்கும் வரைதான் வருகிறார்கள். பெரியவளுக்கு அது அங்கேயே, அந்தக் கருகிய வாசனையில், புரிந்துவிட்டது. புரிந்ததும் மிதித்தாள். கல் பறந்தது. முள் கிழித்தது. கியர் மாறவில்லை. மிதித்தாள். முதுகு முழுக்கக் கூசியது.

கடைசிப் பிரிவு.

அங்கே வாடிக்கையாளரை நிறுத்துவதில்லை. சின்னவளே நிற்பாள். அங்கிருந்து பாலம் கண்ணுக்குத் தெரியும், வழி தவறாது என்று காரணம் சொல்லுவாள். ஒவ்வொருவரும் அவள் உள்ளங்கையில் தட்டிவிட்டு இறங்குவார்கள். அவர்கள் மனதில் கடைசியாகப் பதிவது அவள் முகம்தான். இப்போதும் நின்றிருந்தாள், ஒரு காலைத் தரையில் ஊன்றி, வலது கையைப் பாதையை நோக்கி நீட்டி, சாய்ந்த வெயில் முகத்தில் விழ. ஆறு பேரும் கீழே போய்விட்டார்கள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வர்ற? வயசாயிடுச்சுடி உனக்கு. முதலாளி கீழ கேக்கோட நிக்கறாரு. யாருக்குன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணடித்தாள். பெரியவள் மூச்சு வாங்கினாள். நான்தான் கடைசி, வா. மூன்று சொல். அதைச் சொன்னால் தங்கை கையை இறக்கிவிடுவாள். இருவரும் சேர்ந்து இறங்குவார்கள். சின்னவள் முன்னால், அவள் பின்னால். அவள் பின்னால்.

"நான் கடைசி இல்ல," என்றாள். "பின்னால ஆள் வருது. எல்லாரும் வந்து முடியற வரைக்கும் நில்லு."

"எத்தனை பேரு?"

"எண்ணிக்கோ."

திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

பாலத்தில் கைதட்டினார்கள். முதலாளி, எங்கம்மா சின்னவ என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறாள் என்றாள். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. ஆற்றில் வெயில் சிவந்து, பிறகு மங்கியது. இருபத்தைந்தாவது நிமிடம் பெரியவளும் முதலாளியும் மேலே ஏறினார்கள்.

சின்னவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். அதே காலை ஊன்றி. கை நீண்டிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. கண் ஒவ்வொரு முறையும் மேற்பாதையில் ஒரு புள்ளியைப் பிடித்து, அதைத் தன் முன்னால் நகர்த்திக்கொண்டு வந்து, பாலத்துப் பக்கம் விட்டுவிட்டு மேலே ஓடியது. சில சமயம் பார்வை ஆள் உயரத்தில் போனது. சில சமயம் இடுப்புயரத்துக்கு இறங்கியது, குழந்தையைப் பார்ப்பது போல. முதலாளியும் பெரியவளும் பார்த்த பாதையில் யாரும் இல்லை.

"போதும். வாடி," என்றாள் பெரியவள். "நான்தான் கடைசி. பொய் சொன்னேன்."

சின்னவள் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் முடியலக்கா. ஆயிரத்து நானூத்திப் பதினொண்ணு." கண் நகர்ந்தது. "ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

முந்நூறு பேர்தான். பெரியவள் அதை ஆவணத்தில் தன் கண்ணால் படித்திருந்தாள்.

நான்கு பேர் சேர்ந்து அவளைத் தூக்கி வேனில் ஏற்ற வேண்டியிருந்தது. மருத்துவமனையில் தூங்க ஊசி போட்டார்கள். கண் மூடியது, உதடு மூடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நர்ஸ் எழுதி வைத்த எண் ஒரு லட்சத்து எட்டாயிரத்து முப்பது. நீட்டிய வலது கை வீங்கிவிட்டதால், அன்று பத்து மணிக்கு அதை மடக்கி உடம்போடு சேர்த்துக் கட்டினார்கள். பத்தரைக்கு முதலாளி தொலைபேசியில் பேசினார். ஏழு நாள் பயணத்தில் பெரியவளே முன்னால் போக வேண்டியது என்றும், கதையையும் இனி அவளே சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவள் சரி என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தங்கையின் இடது கை எழுந்திருந்தது. கட்டிலின் இடப்பக்கத்தில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். வழி காட்டும்போது நீள்வது போலவே நீண்டு, கை அவளைக் காட்டியது.

எண்ணிக்கை நிற்கவில்லை.