எந்தப் பக்கம் வலம்?

திபெத்துக்குப் போக விமானம் வேண்டும் என்று யார் சொன்னது? இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா பகுதியிலுள்ள ஒரு பள்ளியின் ஐந்தாம் வகுப்புக் கதவைத் திறந்தால் போதும், கியான்சே நகரம் வந்துவிடும். சுவரெல்லாம் காகிதப் பனிமலை. நடுவில், அந்தப் பழைய நகரத்தின் பேர்பெற்ற அடுக்குக் கோபுரமான ‘கும்பும்’.

வழிகாட்டியான வதனி அதைக் கும்பம் என்றுதான் சொன்னாள். அவளோடு படிக்கும் நிக்கோலோ, மந்தரீன் பழப்பெட்டிகளை அடுக்கி அதைக் கட்டியிருந்தான். ஒரு வாரமாக அவன் வாயில் வேறு பேச்சே இல்லை.

பயணிகளாக வந்தவர்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி, இடித்துக்கொண்டார்கள். உச்சிப்பெட்டி ஆடியது. நிக்கோலோ பாய்ந்து பிடித்தான்.

"இன்னொரு தடவை ஆடினால் பிரித்துவிட வேண்டியதுதான். யார் தலையிலாவது விழும்" என்று சொல்லிவிட்டு ஆசிரியை வெளியே போனார்.

நிக்கோலோவின் முகம் சுண்டிப்போனது. வதனிக்குப் பாவமாக இருந்தது.

திபெத்தில் எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்றுவார்கள் என்று அவள் படித்திருந்தாள். நம் கோயில் போலவே, வலமாக. வலம் என்றால் வலது. அவ்வளவுதானே?

"ஆ தெஸ்த்ரா! எல்லாரும் வலது பக்கம் திரும்புங்கள்!" என்று இத்தாலிய மொழியில் கத்தினாள்.

திரும்பினார்கள். கோபுரத்தைப் பார்த்து நின்றவர்கள் ஒரு பக்கம், சுவரைப் பார்த்து நின்றவர்கள் மறுபக்கம். மூக்கும் மூக்கும் முட்டின. நிக்கோலோ பெட்டிகளைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த அமளியில் ஒருத்தி மட்டும் தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தாள். வதனியின் தங்கை தனுசியா.

"எடியே, வலது பக்கம் திரும்பச் சொன்னனான் எல்லே?"

"கோயிலிலை அப்பிடியோ சுத்துறனாங்கள்?" என்றாள் தனுசியா. நடையை நிறுத்தவில்லை.

வதனி அவளை உற்றுப் பார்த்தாள். கும்பம் அவளுடைய வலக்கைப் பக்கம் இருந்தது. அட! வலப்பக்கம் திரும்புவதல்ல வலம். நடுவில் இருப்பதை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடப்பதுதான் வலம்!

"நிக்கோலோ, கோபுரத்தோடு ஒட்டி நின்று கையை நீட்டு! பயணிகளே, கோபுரம் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கட்டும். கட்டியவருக்கு அந்தக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போங்கள்!"

பட், பட், பட்! ஒருவரும் முட்டவில்லை. நிக்கோலோவின் உள்ளங்கை சிவந்தது. முகம் மலர்ந்தது.

அப்போது ஆசிரியை காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தார். கோபுரம் இடக்கைப் பக்கம் இருக்க நடக்கத் தொடங்கினார்.

"மாயெஸ்திரா! கை, கை!" என்று வகுப்பே கத்தியது.

அவர் திகைத்து நின்றார். வரிசையைப் பார்த்தார். கோப்பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, திரும்பி நடந்து, நிக்கோலோவின் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

பெட்டிகளைப் பிரிக்கும் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை.