மூச்சு நாணயம்

செம்பாறை நகரில் பல் துலக்குவதற்கு முன்பு வெண்பொன் விலை பார்ப்பது வழக்கம். மெய்யப்பனும் அப்படித்தான். படுக்கையில் கிடந்தபடியே, மணிக்கட்டின் தோலுக்கடியில் பதித்திருந்த சில்லை ஒரு தட்டு தட்டுவான். கூரையில் எண்கள் ஓடும். பூமியிலிருந்து செவ்வாய்க்குச் செய்தி வந்து சேரக் கால் மணி நேரம்கூட ஆகும் என்பதால், அவன் பார்ப்பது அங்கே ஏற்கெனவே செத்துப்போன விலை. அதற்காக அவன் கவலைப்பட்டதில்லை. ஏறியிருந்தால் நாள் முழுவதும் முகம் மலர்ந்திருக்கும். இறங்கியிருந்தால், "இப்ப வாங்கினாத்தான் உண்டு" என்று மேலும் இரண்டு நாணயங்கள் வாங்கிப் போடுவான்.

வெண்பொன் என்பது பிளாட்டினத்துக்கு ஆன்லைன் கடைக்காரர்கள் வைத்த பெயர். குறுங்கோள்களைக் குடைந்து தங்கத்தைக் கலம் கலமாக அள்ளி வந்தபிறகு, தங்கம் பித்தளைக்குச் சம்பந்தியாகிவிட்டது. பிளாட்டினம் மட்டும் எப்படியோ மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டது. பூமியில் உள்ள கடையின் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கண்ணாடி போன்ற உறைக்குள், வரிசை எண்ணும் மினுங்கும் முத்திரையுமாக நாணயம் கிளம்பும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சரக்குக்கலத்தில் வந்து சேரும். உறையை உடைத்தால் மதிப்புக் குறையும் என்பார்கள். ஆகவே தன் சொந்த நாணயத்தை விரலால் தொட்டுப் பார்த்தவர் அந்த ஊரில் ஒருவர்கூட இல்லை.

ஒவ்வொருவருக்கும் கலத்தில் இவ்வளவு எடை என்று ஒதுக்கீடு உண்டு. அதில் ஊறுகாய் வரவழைக்கலாம், செருப்பு வரவழைக்கலாம். ஆனால் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் கொஞ்ச எடையில் நிறைய மதிப்புள்ளதைத்தான் வரவழைப்பார்கள். செம்பாறையில் எல்லோருக்கும் கணக்குப் போடத் தெரிந்திருந்தது. போன முறை நகர்மன்றத்தில், பொதுச் சரக்கைக் கொஞ்சம் குறைத்துத் தனியார் ஒதுக்கீட்டைக் கூட்டலாமா என்று கேட்டபோது, ஒரு கைகூடக் கீழே இருக்கவில்லை.

கலம் வந்த அன்று சுமையன்கள் என்னும் நான்குகால் எந்திரங்கள் வீடு வீடாகப் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போயின. மெய்யப்பன் தன் நாணயங்களைக் கட்டிலில் பரப்பிவைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பொற்கொடி வேலையிலிருந்து திரும்பி வந்தாள். அவள் மூச்சாலையின் தலைமைப் பொறியாளர்.

"நமக்கு வரவேண்டிய தகடு வரலைங்க" என்றாள்.

"நம்ம பெட்டி எல்லாம் சரியா வந்திருக்கே?"

"நம்ம பெட்டி இல்லைங்க. மூச்சாலைப் பெட்டி. பொதுச் சரக்குல இடம் போதலைன்னு அடுத்த கலத்துக்குத் தள்ளிட்டாங்களாம்."

மூச்சாலைதான் ஊருக்குக் காற்று தருவது. நிலத்தடியிலிருந்து பனிக்கட்டியை வெட்டியெடுத்து உருக்கி, தண்ணீரைத் தகடுகளின் வழியாகச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சினால், பிராணவாயு தனியே பிரிந்து வரும். அந்தத் தகடுகளின் மேல் மயிரிழையைவிட மெல்லிய பிளாட்டினப் பூச்சு இருக்கிறது. பூச்சு இருக்கும்வரைதான் அது மூச்சுத் தகடு. அது உரிந்துபோனால் வெறும் இரும்புச் சாமான். செவ்வாயின் உப்புத் தூசி பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த கலம் வரும்வரை தகடுகள் தாங்காது என்பது பொற்கொடிக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது. அவள் கலங்கவில்லை. பூச்சு போடத் தெரியும், கருவிகள் இருக்கின்றன. பிளாட்டினம்தான் வேண்டும். அதுவோ ஊரில் ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் பூட்டிக் கிடந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் தாராளம்.

நகர நிர்வாகி ஆல்பர்ட் சகாயம் நாகர்கோவில்காரர், நல்ல மனிதர். உடனே கூட்டம் போட்டார். பொற்கொடி ஒரு பழைய தகட்டை எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். கூட்டத்தினர் உரிந்த இடத்தைத் தடவிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "கண்டிப்பா குடுக்கணும்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். வாசலில் வைத்த பெட்டியில் அந்த வாரம் முழுவதும் விழுந்தது ஒரு கல்யாண மோதிரம், அதுவும் மனைவியோடு சண்டை போட்டவருடையது.

பக்கத்து வீட்டு ரஹ்மத்து நிசா விதைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். பொற்கொடி அவளிடம் நேராகவே கேட்டாள்.

"குடுக்கக் கூடாதுன்னு இல்லக்கா" என்றாள் ரஹ்மத்து. "முத்திரைய உடைச்சா அப்புறம் அதுக்கு என்ன மதிப்பு இருக்கு, சொல்லுங்க? எல்லாரும் குடுத்ததும் நானும் குடுத்துடறேன். கடைசி ஆளா நான் இருக்கேன்."

அந்த ஊரில் எல்லோருமே கடைசி ஆளாக இருக்கத் தயாராக இருந்தார்கள்.

வீட்டிலும் அதே கதைதான்.

"அதுல மட்டும் கை வைக்காத" என்றான் மெய்யப்பன். "ஆபத்துக்குன்னு வாங்கி வச்சது."

"ஆபத்து வந்தாச்சுங்க."

"இதைவிடப் பெரிசா ஒண்ணு வந்தா?"

பொற்கொடிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "மூச்சு நின்னு போறதைவிடப் பெரிசா என்னங்க வரும்?"

"அதெல்லாம் சொல்லிட்டா வரும்?" என்றான் அவன், கட்டிலை ஒருமுறை தட்டிக்கொண்டே.

காற்று மந்தமானது. மாடிப்படி ஏறினவர்கள் பாதியில் நின்றார்கள். பள்ளியில் குழந்தைகள் முற்பகலிலேயே மேசைமேல் தலை சாய்த்தார்கள். மாலைக் கபடி நின்றுபோனது. பாடிக்கொண்டே போக யாருக்கும் மூச்சுப் பிடிக்கவில்லை. பயம் வந்ததும் மக்கள் செய்த முதல் காரியம், இன்னும் வெண்பொன்னுக்கு ஆர்டர் போட்டதுதான். காலம் கெட்டுக் கிடக்கும்போது கையில் கெட்டியாக ஏதாவது இருக்க வேண்டாமா? அவை வந்து சேர இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை வாங்குபவர் இருப்பாரா என்று கடைக்காரர் கேட்கவில்லை. வாங்கியவர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"வீடு புகுந்து எடுத்துரலாமா?" என்று சகாயம் மெதுவாகக் கேட்டார். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை அவர் நின்று மூச்சு வாங்கினார்.

"அடிதடி ஆகும் சார். அடிச்சுக்கிட்டா ரெண்டு மடங்கு காத்து செலவாகும்" என்றாள் பொற்கொடி. "அவங்களே கொண்டுவந்து தருவாங்க. நான் ஒரு கடை தொறக்கப் போறேன்."

பழுதான தகடுகளின் எஃகுச் சட்டத்தை அவள் வட்ட வட்டமாக வெட்டினாள். ஒருபுறம் ஒரு ஜோடி நுரையீரல். பார்ப்பதற்கு இரண்டு மாங்காய் போலவே இருந்தது. மறுபுறம் வரிசை எண். கண்ணாடி உறை, மினுங்கும் முத்திரை. ஊர் வலையில் கடையைத் திறந்து, 'மூச்சு நாணயம்' என்று பெயர் போட்டாள். ஒரு மூச்சு நாணயத்துக்கு ஒரு வெண்பொன் நாணயம். வேறு எதுவும் வாங்கப்படாது. குறைந்த அளவே வெளியிடப்படும்.

சகாயம் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இது ஏமாத்து வேலை இல்லியா?"

"எங்கயாவது பொய் எழுதியிருக்கேனான்னு பாருங்க சார்."

அவர் விவரக் குறிப்பைப் படித்தார். 'இது எஃகு. உருக்கினால் ஓர் ஆணி தேறலாம். நீங்கள் தரும் வெண்பொன் மூச்சாலைத் தகடுகளில் பூசப்படும், திரும்பக் கிடைக்காது. இந்த நாணயத்தால் உங்களுக்குக் கிடைப்பது, எல்லோருக்கும் கிடைக்கும் அதே காற்றுதான்.'

"இதைப் படிச்சா ஒருத்தன் வாங்குவானா?"

"நீங்க கடைசியா ஒண்ணு வாங்கினப்போ விவரத்தைப் படிச்சீங்களா சார்?"

சகாயம் யோசித்துப் பார்த்தார். விற்பனைக்கு அனுமதி கொடுத்தார்.

முதல் நாள் நாலைந்து பேர்தான் வாங்கினார்கள். பொற்கொடி திரையின் மூலையில் ஒரு வரி சேர்த்தாள்: 'இந்த நாணயத்தை இப்போது பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.' அது உண்மைதான், ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே, மிச்சம் உள்ள நாணயங்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் குறைவது தெரியும்படி வைத்தாள். அவ்வளவுதான். மறுநாள் காலை மூச்சாலையின் சாளரத்துக்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து விதைக்கூடம்வரை போயிற்று. நிற்க முடியாதவர்கள் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பெட்டியோடு நகர்ந்தார்கள். ரஹ்மத்து முதல் பத்துப் பேருக்குள் இருந்தாள்.

"எல்லாரும் குடுத்த பிறகுன்னு சொன்னியே?" என்றாள் பொற்கொடி.

"அது குடுக்கறதுக்கா. இது வாங்கறது இல்லையா?" என்றாள் ரஹ்மத்து. வெண்பொன்னை நீட்டிவிட்டு, எஃகு வட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

மதியத்துக்கு மேல் மெய்யப்பன் வந்தான். மனைவியை நேராகப் பார்க்காமல், சாளரத்தின் விளிம்பில் பையைக் கவிழ்த்தான். ஒரு சிறிய கட்டிலே நிறையும் அளவுக்கு நாணயங்கள்.

"எல்லாத்தையுமா மாத்தறீங்க?"

"தீர்ந்துடும்னு சொல்றாங்களே" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ இங்கதான வேலை பாக்கற? நமக்கு ஏதாவது தள்ளுபடி உண்டா?" என்றான்.

பொற்கொடி தள்ளுபடி தரவில்லை. ஆனால் உறைகளை உடைத்து அமிலக் குடுவையில் போடும்போது, அவன் நாணயம் ஒன்றை மட்டும் எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். இவ்வளவு ஆண்டுகள் தன் கட்டிலுக்கடியில் கிடந்ததை அவள் தொடுவது அதுதான் முதல் முறை. குளிர்ச்சியாக இருந்தது. அப்புறம் அதையும் அமிலத்தில் போட்டாள்.

தகடுகள் ஒவ்வொன்றாகப் புதுப் பூச்சு பெற்றுத் தொட்டிக்குள் இறங்கின. மூச்சாலை பழைய சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது. குழாய்களில் காற்று நிறைந்தது. குழந்தைகள் ஓடினார்கள். கபடி ஆட்டம் மீண்டும் தொடங்கி, மூச்சுவிடாமல் பாடுபவர்களுக்கு ஊர் கைதட்டியது. சகாயம் ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார், ஓரிடத்திலும் நிற்காமல். பொற்கொடி இரண்டு நாள் தொடர்ந்து தூங்கினாள். விழித்தபோது தலைவலி இல்லை. இனி எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மூச்சாலை வாசலில் பெருங்கூட்டம். எல்லோர் முகத்திலும் நல்ல இரத்த ஓட்டம். முன்வரிசையில் அவள் கணவன்.

"என்னங்க? குழாய்ல ஏதாவது கோளாறா?"

"கோளாறு இல்ல. அதான் பிரச்சினையே" என்றான் மெய்யப்பன். "காத்து மோசமா இருந்தப்ப மூச்சு நாணயம் என்ன விலைக்குப் போச்சு தெரியுமா? ஒண்ணுக்கு மூணு வெண்பொன் தரேன்னு பூமியிலேருந்து கேட்டாங்க. இன்னும் ஏறும்னு நாங்க விக்காம வச்சிருந்தோம். நீ பாட்டுக்கு எல்லாத் தகட்டையும் பூசி முடிச்சுட்ட. இப்ப சீந்துவாரில்ல."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

ரஹ்மத்து முன்னால் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நிறுத்தச் சொல்லல. கொஞ்சமா, லேசாத் தலை சுத்தற அளவுக்குக் குறைச்சீங்கன்னா போதும். விலை பழையபடி வந்ததும் வித்துட்டு, மறுபடி ஏத்திக்கலாம்."

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் விளையாட்டாகப் பேசவில்லை என்பதைப் பொற்கொடி முகம் முகமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"சரி" என்றாள். "யார் வீட்டுக் குழாயில குறைக்கட்டும்?"

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கிழக்கு வரிசைக்காரர்கள் மேற்கு வரிசையைக் காட்டினார்கள். மேற்கு வரிசைக்காரர்கள் விதைக்கூடத்தைக் காட்டினார்கள். ரஹ்மத்து, "விதைக்கூடமா? நான் அங்கதான நிக்கறேன் நாள் பூரா!" என்று சண்டைக்குப் போனாள். யாரோ ஒருவர், நாணயமே வாங்காதவர்களின் வீட்டில் குறைப்பதுதான் நியாயம் என்றார். மெய்யப்பன் மனைவியின் காதருகில் குனிந்து, "நம்ம குழாயை மட்டும் தொடாத, என்ன?" என்றான்.

பொற்கொடி கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். வெளியே சச்சரவு நல்ல உரத்த குரலில், நல்ல நீண்ட மூச்சில் நடந்துகொண்டிருந்தது. அவள் பிரதான வால்வின் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்தாள். திறக்கும் பக்கமாக, அது போகும் மட்டும் திருப்பினாள்.

மறுநாள் விடிந்தபோது செம்பாறையின் காற்று, ஊர் தோன்றிய நாளிலிருந்து இல்லாத அளவுக்குச் செறிவாகவும் இதமாகவும் இருந்தது. சந்தைச் செய்தியில் அதற்குத் தலைப்பு: 'வரலாறு காணாத வீழ்ச்சி.'